யார் இந்த ஹாரி போப்? பழைய துப்பாக்கிக்குப் புதுக் குழல் மாட்டி சாதனை படைத்த சைக்கிள் கம்பெனிக்காரர்

பையில் ஒரு பத்து ரூபாய் நாணயம் இருந்தால் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் குறுக்களவு 27 மில்லிமீட்டர். இப்போது சுமார் 183 மீட்டர் தள்ளி, அதாவது கிட்டத்தட்ட இரண்டு கால்பந்து மைதான நீளத்துக்கு அப்பால், ஒரு அட்டையைக் கற்பனை பண்ணுங்கள். அந்த அட்டையில் பத்து முறை சுட்டு, பத்து ஓட்டையையும் இந்த நாணயத்தால் மூடிவிட முடியுமா?

1901 மே மாதம் ஒருவர் அதைச் செய்தார். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், போல்டர் ஊரைச் சேர்ந்த ரோலண்ட் என்பவர் 200 கெஜ தூரத்தில் பத்து குண்டுகள் சுட்டார். ஒன்றுக்கொன்று அதிகத் தொலைவில் விழுந்த இரண்டு ஓட்டைகளின் மையங்களுக்கு நடுவே இருந்த இடைவெளி 0.725 அங்குலம். பல பத்தாண்டுகளுக்கு இந்த அட்டையைத்தான் துல்லியத்துக்கு அடையாளமாகத் துப்பாக்கிப் பிரியர்கள் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர் பயன்படுத்திய ரைஃபிளை ராஜாக்களுக்குச் செய்து தரும் விலையுயர்ந்த கம்பெனி எதுவும் செய்யவில்லை. உடம்பு என்னவோ தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் வார்த்தெடுத்த சாதாரண சரக்குதான். அதில் மாட்டியிருந்த குழல்தான் வேறு. அந்தக் குழலைச் செய்தவர் பெயர் ஹாரி மெல்வில் போப். (வாடிகன் போப்புக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. குடும்பப் பெயரே அதுதான்.)

முதலில் கொஞ்சம் மெக்கானிசம்

போப் செய்தது என்ன என்று புரிய, இலக்கு சுடும் ரைஃபிளை மூன்று பாகமாகப் பிரித்துப் பார்த்தால் போதும். தோளில் வைக்கும் மரக்கட்டை ஒன்று. குண்டு ஓடும் இரும்புக் குழல் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் இருப்பதை 'ஆக்‌ஷன்' என்பார்கள். தோட்டாவை உள்ளே வைத்து மூடுவது, விசையை இழுத்ததும் ஊசி போய் அடிப்பது, வெடிக்கும்போது பின்பக்கம் பிளந்துவிடாமல் தாங்குவது எல்லாம் ஆக்‌ஷனின் வேலை.

பைக் பிரியர்களுக்குச் சட்டென்று புரியும். செகண்ட் ஹேண்டில் ஒரு நல்ல சேஸிஸை வாங்கி, இன்ஜினை மட்டும் கைதேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுத்துப் புதிதாகக் கட்டுவது மாதிரி. சேஸிஸ் உறுதியா, கோணல் இல்லாமல் இருந்தால் போதும். ஓட்டம் வருவது இன்ஜினில். ரைஃபிளிலும் அப்படித்தான். ஆக்‌ஷன் இறுக்கமாக, நேராக இருக்க வேண்டும், அதைச் சும்மா தள்ளிவிட முடியாது. ஆனால் குண்டு எங்கே போகிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது குழலும், அந்தக் குழலுக்கேற்ற குண்டும்.

போப் காலத்தில் நல்ல ஆக்‌ஷனுக்குப் பஞ்சமே இல்லை. பாலார்டு என்று ஒன்று. போப் பிறந்த அதே 1861-ல் காப்புரிமை வாங்கப்பட்ட வடிவமைப்பு. 1890-கள் தொடங்கும்போது அதன் உற்பத்தியே நின்றுபோனது. ஆனாலும் பழைய பாலார்டுகள் கைமாறிக்கொண்டே இருந்தன. அடுத்தது வின்செஸ்டர் 1885 மாடல். ஜான் பிரவுனிங் என்ற இளைஞரின் வடிவமைப்பை வின்செஸ்டர் கம்பெனி விலைக்கு வாங்கி, ஒரு லட்சத்துக்கும் மேல் தயாரித்துத் தள்ளியது. மூன்றாவதாக ஸ்டீவன்ஸ். நடுத்தர வர்க்கத்துக்கான துப்பாக்கிக் கம்பெனி என்று பெயர் எடுத்தது. இவற்றில் ஏதாவது ஒன்று வைத்திருந்தால் போதும், போப்புக்கு அனுப்பிவிடலாம். அவர் பழைய குழலைக் கழற்றிவிட்டுத் தன் குழலை மாட்டித் தருவார்.

சைக்கிள் கம்பெனி சம்பளம், ராத்திரியில் லேத்

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வால்போல் என்ற சின்ன ஊரில் பிறந்தவர் போப். வளர்ந்தது பாஸ்டன் பக்கம். இன்று உலகமே வாய் பிளக்கும் எம்.ஐ.டி. இருக்கிறதே, அங்கே 1881-ல் பொறியியல் பட்டம் வாங்கினார். படிப்பு முடித்ததும் துப்பாக்கிப் பக்கம் போகவில்லை, சைக்கிள் தொழிலுக்குப் போனார்.

அன்றைக்கு சைக்கிள் என்றால் இன்றைய எலெக்ட்ரிக் கார் மாதிரி. கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரம் அந்தத் தொழிலுக்குப் பெயர் போனது. துல்லிய இயந்திரங்கள், நல்ல எஃகு, தேர்ந்த லேத் ஆட்கள் எல்லாம் ஒரே ஊரில். அங்கே சைக்கிள் ஆலை மேற்பார்வையாளர் அளவுக்கு உயர்ந்தார் போப். நிரந்தர வேலை, நல்ல சம்பளம். குடும்பத்தில் பெரியவர்கள் யாராவது இருந்திருந்தால் இதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லியிருப்பார்கள்.

அவர் நிறுத்தவில்லை. வேலை முடிந்து வந்து, ராத்திரியில் காலால் மிதிக்கும் லேத்தில் தனக்கான குழல்களைச் செய்து பார்த்தார். காரணம் ரொம்ப எளிது. அவரே நல்ல சுடுநர். கடையில் வாங்கிய துப்பாக்கி அவர் நினைத்த இடத்தில் சுடவில்லை. பிழை தன் கையிலா, குழலிலா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, பிழையில்லாத குழல் ஒன்றைச் செய்து பார்ப்பது.

கிளப் நண்பர்களுக்குச் செய்து கொடுத்தார். நேற்றுவரை சுமாராகச் சுட்டுக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று பரிசு வாங்க ஆரம்பித்தார்கள். அப்புறம் என்ன, ஆர்டர் குவிந்தது. 1890-களின் நடுவில் இருந்து துப்பாக்கிக் குழலே அவர் தொழிலாகிவிட்டது.

கிளப்புகளின் காலம்

யார் வாங்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியர்கள் 'ஷூட்சன்' என்ற சுடும் கழகங்களை ஊர் ஊராக வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் குடும்பத்தோடு மைதானத்துக்குப் போவது, பேண்டு வாத்தியம், பீர், சாப்பாடு, நடுவில் போட்டி. நம்ம ஊர்த் திருவிழாவையும் கிரிக்கெட் டோர்னமெண்டையும் கலந்தால் எப்படி இருக்குமோ அப்படி. நியூ ஜெர்சியின் யூனியன் ஹில்லில் இதற்கென்றே பெரிய பூங்கா இருந்தது.

விழாதான் ஜாலி. போட்டி அப்படியில்லை. நின்றுகொண்டே, எதன் மேலும் சாய்க்காமல், 200 கெஜ தூரத்தில் சுட வேண்டும். அட்டையில் 25 வளையங்கள். நடுவில் இருக்கும் வளையத்தின் குறுக்களவு ஒன்றரை அங்குலம்தான். கை ஆடுவது மனித இயல்பு, அதைக் குழல் எதுவும் செய்ய முடியாது. ஆனால் கை ஆடியதற்கு மேல் குழலும் தன் பங்குக்கு ஒரு அங்குலம் தள்ளிவிட்டால் பரிசு போயிற்று. அந்த ஒரு அங்குலத்தைத்தான் போப்பிடம் காசு கொடுத்து வாங்கினார்கள்.

அப்படி என்ன செய்தார்?

குழலின் உட்சுவரில் திருகு மாதிரி ஓடும் பள்ளங்கள் இருக்கும். அவைதான் குண்டைப் பம்பரம் போலச் சுழல வைத்து நேராகப் போக வைக்கின்றன. போப் ஒரு குழலுக்கு எட்டுப் பள்ளம் வைத்தார். பள்ளங்கள் அகலம், ஆழம் குறைவு, நடுவில் நிற்கும் மேடுகள் மெல்லிசு. ஒரு நீண்ட கம்பியின் நுனியில் சின்ன வெட்டுப் பல்லை வைத்து, குழலுக்குள் இழுப்பார். ஒரு இழுப்புக்கு முடியளவு கூட உலோகம் வராது. எட்டுப் பள்ளத்துக்கும் இதே மாதிரி மாற்றி மாற்றி, திரும்பத் திரும்ப.

முறுக்கையும் ஒரே சீராக வைக்கவில்லை. குண்டு கிளம்பும் இடத்தில் முறுக்கு தளர்வாக இருக்கும், வாய்ப்பக்கம் போகப் போக இறுகும். ஈயக் குண்டு மென்மையானது. எடுத்த எடுப்பிலேயே வேகமாகச் சுழற்றினால் பள்ளத்தை விட்டு வழுக்கிவிடும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

அடுத்து, உட்சுவரை ஈயக் கட்டியில் தேய்ப்புப் பொடியும் எண்ணெயும் தடவி முன்னும் பின்னும் ஓட்டித் தேய்ப்பது. இதில் அளவுகோலை விடக் கைதான் முக்கியம். எங்கே இறுக்கம், எங்கே தளர்வு என்று உள்ளங்கைக்குத் தெரிய வேண்டும். வாய்ப்பக்கம் துளியூண்டு இறுக்கமாக இருக்கும்படி முடிப்பார்.

ஆனால் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட விஷயம் இன்னொன்று. போப் ரைஃபிளில் குண்டு முன்பக்கம் வழியாகப் போகும், தோட்டா பின்பக்கம் வழியாகப் போகும்!

கேட்கவே விசித்திரமாக இருக்கிறதா? விளக்கம் இதுதான். சாதாரணத் துப்பாக்கியில் குண்டு பின்னாலிருந்து பள்ளங்களுக்குள் அழுந்தி நுழைகிறது. அப்போது பிதுங்கும் ஈயம் பின்னோக்கி இழுபட்டு, குண்டின் அடிப்பக்க விளிம்பில் பிசிறாக நிற்கும். குழலை விட்டு வெளியே வரும் நொடியில் வாயு அந்தப் பிசிறின் மேல் ஏறுக்குமாறாகத் தள்ளும், குண்டு கோணும். முன்பக்கம் வழியாகக் குண்டை இறக்கினால் பிசிறு மூக்குப் பக்கம் போய்விடுகிறது. அடிப்பக்கம் சுத்தமாக இருக்கும். கூடவே, முந்தைய சூட்டின் கரியையும் அந்தக் குண்டு தள்ளிக்கொண்டு போய்விடும். அதன் பிறகு வெடிமருந்து மட்டும் நிரப்பிய தோட்டாக் கூட்டைப் பின்னால் வைத்து மூடிவிடலாம். ஒரே கூட்டை மறுபடி மறுபடி நிரப்பி முழுப் போட்டியையும் முடித்தவர்கள் உண்டு.

குண்டு வார்க்கும் அச்சையும் அவரே செய்தார், அந்தந்தக் குழலின் அளவுக்கு. மற்ற அச்சுகளில் பெரும்பாலும் அடிப்பக்கம் வழியாக ஈயம் ஊற்றுவார்கள், ஊற்றிய இடத்தில் தழும்பு விழும். போப்பின் அச்சில் மூக்குப் பக்கம் வழியாக ஊற்ற வேண்டும். தழும்பு மூக்கில் இருந்தால் பரவாயில்லை, அடியில் இருக்கக் கூடாது என்பது கணக்கு.

சரி, முன்பக்கம் வழியாகக் குண்டை அழுத்தி இறக்கினால் குழலின் வாய் தேயாதா? தேயும். அதற்குத்தான் 'பொய் வாய்'. குழலைத் தேவையை விட நீளமாகச் செய்து, நுனியில் ஒரு துண்டை அறுத்துவிடுவார்கள். நாலு சின்ன ஊசிகள் வைத்து அந்தத் துண்டை மறுபடி அதே இடத்தில் பொருத்தும்படி செய்துவிடுவார்கள். குண்டை இறக்கும்போது மட்டும் மாட்டி, சுடும் முன் கழற்ற வேண்டும். யோசனை போப்புடையதல்ல. 1840-ல் ஆல்வன் கிளார்க் காப்புரிமை வாங்கியது. ஆமாம், பிற்காலத்தில் உலகின் மிகப் பெரிய தொலைநோக்கி லென்சுகளைச் செய்த அதே கிளார்க்தான். துல்லியப் பைத்தியம் ஒரே இடத்தில் நிற்காது போல.

கழற்ற மறந்தால்? குண்டோடு சேர்ந்து அந்தத் துண்டும் பறந்துவிடும். அதனால் அதன் மேல் பார்வையை மறைக்கிற மாதிரி ஒரு குச்சியை நிறுத்தி வைப்பார்கள். குறி பார்க்கும்போதே குச்சி தெரியும்.

பெரிய கம்பெனி, பெரிய சிக்கல்

1901-ல் ஸ்டீவன்ஸ் கம்பெனி அவரைத் தன்னோடு இழுத்துக்கொண்டது. மாசசூசெட்ஸின் சிக்கோபி ஃபால்ஸ் ஆலையில் 'ஸ்டீவன்ஸ்-போப்' என்று முத்திரை குத்திய குழல்கள் வர ஆரம்பித்தன. ஒருவர் கைவேலையை ஆலை அளவுக்கு வளர்ப்பது என்பது அன்றைக்கும் இன்றைக்கும் ஸ்டார்ட்-அப் ஆட்களுக்குத் தெரிந்த தலைவலிதான். சில ஆண்டுகளில் போப் விலகினார். அவர் போன பிறகும் அவர் பெயர் போட்ட குழல்கள் ஆலையிலிருந்து வந்துகொண்டிருந்தன. சேகரிப்பாளர்கள் இன்றும் அவர் கையால் செய்ததையும் ஆலை செய்ததையும் பிரித்துத்தான் விலை பேசுகிறார்கள்.

இந்தக் காலத்தில் ஒரு சர்வதேசச் சர்ச்சையும் நடந்தது. 1903-ல் இங்கிலாந்தின் பிஸ்லியில் பால்மா கோப்பைப் போட்டி. அமெரிக்க அணி தன் ராணுவத்தின் கிராக் ரைஃபிளோடு போய் ஜெயித்தது. அப்புறம்தான் பேச்சு கிளம்பியது. அந்தக் கிராக்குகளில் இருந்தவை ராணுவம் கொடுத்த குழல்கள் இல்லை, ஸ்டீவன்ஸ்-போப் குழல்கள். ராணுவத் துப்பாக்கி என்ற விதிக்குள் இது வருமா? ஆக்‌ஷன் ராணுவத்துடையது, குழல் இல்லை. கடைசியில் அமெரிக்கா கோப்பையைத் திருப்பிக் கொடுத்தது. போப்பின் கைவண்ணத்துக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டியதில்லை என்பேன். ஆனால் அணிக்கு அது அவமானம்தான்.

5.12 மணி

ஸ்டீவன்ஸை விட்ட பின் மேற்குக் கடற்கரைக்குப் போனார் போப். சான் ஃபிரான்சிஸ்கோவில் தன் பெயரில் பட்டறை. இயந்திரங்கள் வந்து இறங்கி, எல்லாம் தயார். 1906 ஏப்ரல் 18, விடியற்காலை 5.12-க்கு அந்த நகரத்தை நிலநடுக்கம் உலுக்கியது. மிச்சத்தை அடுத்தடுத்த நாட்களில் தீ தின்றது. பட்டறையும் போனது. 44 வயதில் பூஜ்யத்திலிருந்து.

சில ஊர்கள் மாறி, 1908 வாக்கில் நியூயார்க்குக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஜெர்சி சிட்டிக்கு வந்தார். மோரிஸ் தெரு 18-ம் எண் கட்டிடத்தின் நாலாவது மாடி. அடுத்த நாற்பது வருஷத்துக்கும் அதுதான் அவர் உலகம்.

டெலிவரி தேதி கேட்காதீர்கள்

அந்த மாடிக்கு ஏறிப் போனவர்கள் எழுதியதைப் படித்தால் சிரிப்பும் வரும், மலைப்பும் வரும். நடக்க இடமில்லாமல் குழல்கள், கம்பிகள், அச்சுகள், காகிதக் குவியல். நடுவில் நீண்ட வெள்ளைத் தாடியோடு கூன் விழுந்த ஒரு பெரியவர். எது எங்கே இருக்கிறது என்று அவருக்கு மட்டும் தெரியும். தேதி சொல்ல மாட்டேன், வேலை நன்றாக முடிந்ததும் வாங்கிக்கொள், இல்லையென்றால் வேறு ஆளைப் பார் என்ற அர்த்தத்தில் ஒரு அறிவிப்பும் அங்கே இருந்தது. வருஷக்கணக்கில் காத்திருந்த வாடிக்கையாளர்கள் உண்டு.

இதைப் பெருமையாகச் சொல்வது சுலபம். எனக்கு முழுசாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. காசு கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பவனின் எரிச்சலும் நியாயம்தானே? போப்பும் இதனால் பெரிதாகச் சம்பாதிக்கவில்லை. அவசரப்பட்டால் குழல் கெட்டுவிடும் என்பது ஒரு பக்கம். ஒரே ஆளாக எல்லாவற்றையும் செய்தார் என்பது இன்னொரு பக்கம்.

இதற்கிடையே வாடிக்கையாளர் உலகமே மாறிப்போனது. 1917-ல் ஜெர்மனிக்கு எதிராக அமெரிக்கா போரில் இறங்க, ஜெர்மானியப் பெயர் வைத்த எதையும் மக்கள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். ஷூட்சன் கழகங்கள் அதிலிருந்து மீளவே இல்லை. ஈயக் குண்டு, பொய் வாய், ஞாயிற்றுக்கிழமை பேண்டு வாத்தியம் எல்லாம் பழங்கதை. போப் ஓய்வு பெறவில்லை. புது மோஸ்தருக்கு மாறி, .22 ரைஃபிளுக்கும் ராணுவத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளுக்கும் குழல் செய்தார். ஆக்‌ஷன் யாருடையதாக இருந்தால் என்ன, அவர் வேலை குழலுக்குள்தானே.

1930-களில் லூசியன் கேரி என்ற எழுத்தாளர், போப்பை மனதில் வைத்து பைன் என்ற துப்பாக்கிக் கிழவர் பாத்திரத்தைப் படைத்து 'சாட்டர்டே ஈவனிங் போஸ்ட்' இதழில் கதைகள் எழுதினார். துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத லட்சக்கணக்கான வாசகர்களுக்கும் அந்தக் கிழவர் பிடித்துப்போனார். 1950 அக்டோபரில், 89 வயதில் போப் இறந்தார்.

இன்று யார் செய்கிறார்கள்?

அவர் வழி நின்றுபோகவில்லை. 1962-ல் வந்த ரெமிங்டன் 700 ரைஃபிளின் ஆக்‌ஷன் உருளை வடிவம், லேத்தில் எளிதாகக் கடையலாம், விலையும் கட்டுப்படி. அமெரிக்காவில் போட்டிக்குச் சுடும் ஏராளமானவர்கள் அதை வாங்கி, முகப்பைச் சரியாக நேர்ப்படுத்தி, தனிப் பட்டறையில் செய்த குழலை மாட்டிக்கொண்டார்கள். ஒற்றைப் பல்லால் இழுத்து இழுத்துப் பள்ளம் வெட்டும் முறையை இன்றும் வைத்திருக்கும் குழல் பட்டறைகள் உண்டு, இயந்திரம் மட்டும் கம்ப்யூட்டர் சொல்வதைக் கேட்கிறது. (இதைப் படித்துவிட்டு யாரும் லேத்தைத் தேடிப் போக வேண்டாம். இந்தியாவில் உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வதும் மாற்றுவதும் 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம்.)

போப் குழல் மாட்டிய பழைய பாலார்டுகளும் வின்செஸ்டர்களும் அமெரிக்க ஏலங்களில் அவ்வப்போது வருகின்றன. வாங்க வருபவர்கள் முதலில் குழலின் மேல் அவர் பெயர் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டாவதாகப் பெட்டியைத் திறந்து, பொய் வாய் இருக்கிறதா என்று தேடுவார்கள். நூறு வருஷத்தில் எத்தனையோ வீடு மாறியதில் அந்தச் சின்ன இரும்புத் துண்டுதான் முதலில் தொலைந்திருக்கும். அதே குழலிலிருந்து அறுத்தெடுத்த துண்டு என்பதால், அச்சு அசலாக இன்னொன்றை வாங்கி மாட்டவும் வழியில்லை.